பிறக்கப்போகும் பிள்ளைக்கு மருத்துவர் யார்?

பேறுகாலத்துக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் நாளிலேயே நம் குடும்பங்களில் பல காரியங்கள் முடிவாகிவிடுகின்றன. பிள்ளைக்கு எந்தப் புனிதரின் பெயரை வைப்பது, ஞானப்பெற்றோராக யாரை அழைப்பது, திருமுழுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை என்பன எல்லாம் பேசப்படுகின்றன. பிரசவம் பார்க்கும் மருத்துவரைப் பற்றியும் அக்கம்பக்கத்தில் நன்றாக விசாரித்து வைத்திருப்பார்கள். ஆனால், பிறந்த பிள்ளையைப் பார்க்கப்போகும் மருத்துவர் யாரென்று கேட்டால் மட்டும், “அது பிறக்கட்டும் சாமி, பிறகு பார்த்துக்கொள்வோம்” என்ற விடையே பெரும்பாலான வீடுகளில் கிடைக்கிறது. இந்த ஒரு விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்வது நல்லதன்று என்பதைப் பெற்றோருக்கும், அவர்களைவிட முக்கியமாகப் பாட்டி தாத்தாக்களுக்கும் எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

நம் நாட்டில் 1971-ஆம் ஆண்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 28 ஆகக் குறைந்தது. தமிழகத்தில் 13 தான். எவ்வளவு பெரிய மாற்றம்! நம் பாட்டிமார் பத்துப் பெற்று நான்கை அடக்கம் செய்த காலம் கண்முன்னே மறைந்துவிட்டது. எனினும், ஐந்து வயதுக்குள் இறக்கும் இந்தியக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் பிறந்த முதல் 28 நாள்களுக்குள்ளேயே இறக்கிறார்கள் என்பதையும் அதே கணக்குகள் சொல்லுகின்றன. ஆபத்து மிகுந்திருப்பது அந்த நான்கு வாரங்களில்தான். பிள்ளை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடக்கும் நள்ளிரவில், எந்த மருத்துவர் நல்லவர் என்று உறவினருக்கெல்லாம் தொலைபேசியில் பேசிக் கேட்டுக்கொண்டிருக்க நேரமேது?

குழந்தை மருத்துவம் என்பது தனியொரு துறையாகத் தழைத்தது மிக அண்மையில்தான். குழந்தைகளுக்கென்றே அமைந்த பெரிய மருத்துவமனை பாரிஸ் நகரில் 1802-இல் தோன்றியது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1963-இல்தான் அமைந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரியவர்களுக்கான மருந்தையே பாதியாகவும் காலாகவும் பிட்டுக் கொடுத்தார்கள். குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதன் என்ற எண்ணமே அதற்குக் காரணம். உண்மையில் பச்சிளம் பிள்ளையின் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் பக்குவப்படாதவை. அதற்குரிய மருந்தின் அளவை எடையைக் கொண்டு, மில்லிகிராம் கணக்கில் கணித்தாக வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் சாதாரண பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தாக விற்கப்படுவதில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பாக விற்கப்படும் ஒருவகையில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம்தான் இருக்கும். அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு கனமானது. “ஐந்து மில்லி கொடு” என்று யாரோ வாய்வழியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் ஐந்து மில்லி கொடுத்துவிட்டால் என்னவாகும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆகவே, எந்த மருந்து, எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள் என்று தெளிவான எழுத்தில் எழுதித் தருகிறவரே உங்கள் பிள்ளைக்கு ஏற்ற மருத்துவர்.

படிப்பைப் பற்றியும் ஒரு சொல். பெயர்ப்பலகையில் எம்.பி.பி.எஸ். என்பதற்குப் பிறகு குழந்தை மருத்துவத்தில் எம்.டி. என்றோ, டி.என்.பி. என்றோ, டி.சி.எச். என்றோ இருந்தால் அவர் அத்துறையில் மேற்படிப்புப் படித்தவர். மருத்துவ மன்றத்தின் பதிவு எண்ணும் மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. மருந்துக்கடையில் நெடுநாள் நின்று பழகியவர் “டாக்டர் தம்பி” ஆகிவிடுகிற ஊர்கள் நம் பக்கத்தில் இல்லாமல் இல்லை.

இனி, எங்கே இருக்கிறார் என்பது. பேர்பெற்ற மருத்துவர்கள் பெரும்பாலும் பாளையங்கோட்டையிலும் நெல்லைச் சந்திப்பிலும் வண்ணார்பேட்டையிலுமே இருக்கிறார்கள். பாபநாசத்துக்கோ விக்கிரமசிங்கபுரத்துக்கோ பெண்ணைக் கொடுத்தவர்கள்கூட, “காட்டினால் பாளையில்தான் காட்டுவோம்” என்று பெருமை பேசுவதுண்டு. பிள்ளை நன்றாயிருக்கும்போது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் பயணம் ஒரு பொருட்டன்று. மழைக்கால நள்ளிரவில் அது வேறு கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்துவிட முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஊர்களைத் துண்டித்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, நூற்றுக்கணக்கான பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக் கிடந்தது. பாளையங்கோட்டையின் மிகச்சிறந்த மருத்துவராலும் அந்த இரவில் ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்த பிள்ளைக்கு உதவியிருக்க இயலாது. ஆகவே ஆற்றுக்கு உங்கள் கரையில், அரைமணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அன்றாடக் காரியங்களுக்கு அருகிலுள்ள மருத்துவர். அவருக்கு மிஞ்சியதென்று அவரே சொன்னால் பாளையங்கோட்டை. இவ்வரிசையே அறிவுடைமை. “இது என்னால் ஆகாது, உடனே ஐகிரவுண்டுக்குக் கொண்டுபோங்கள்” என்று தயங்காமல் சொல்லும் மருத்துவரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அந்த ஒரு வார்த்தையைக் காலத்தில் சொல்லாததால் இழந்த பிள்ளைகளை நான் அடக்கம் செய்திருக்கிறேன்.

ஐகிரவுண்டு என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. நம் மக்களில் சற்று வசதி வந்தவர்களுக்கு அரசு மருத்துவமனை என்றால் முகஞ்சுளிப்பு. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, சில வேளைகளில் கடுஞ்சொல்லும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குறைமாதத்தில் பிறந்த, ஒன்றரைக் கிலோ எடையுள்ள பிள்ளையை இரவும் பகலும் கண்காணிக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவு அங்கே இருக்கிறது, அதற்குக் கட்டணமில்லை. கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையில் ஐந்து நாள் வைத்திருந்து, பணம் தீர்ந்தபின் ஆறாம் நாள் அங்கே ஓடுவதைவிட, முதல் நாளே போவது மேல்.

மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் நம்மிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அதை மூடிமறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “நம்ம ஆளு” என்பது. சாதி பார்த்து, சபை பார்த்து மருத்துவமனைக்குப் போகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். வாசலில் புனிதரின் சுரூபம் இருப்பதாலேயே உள்ளே இருப்பவர் நல்ல மருத்துவராகிவிடுவார் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். சுரூபத்தை வணங்குங்கள், மருத்துவரை வேறு வகையில் சோதித்தறியுங்கள். பிள்ளையின் நெஞ்சில் வைக்கும் குழலுக்குச் சாதியும் தெரியாது, சபையும் தெரியாது.

எப்படிச் சோதித்தறிவது? பிள்ளை பிறந்து மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் நடக்கும் முதல் சந்திப்பே போதும். நல்ல மருத்துவர் துணியை அவிழ்த்துவிட்டுப் பிள்ளையை எடைபோடுவார். நீளத்தையும் தலைச்சுற்றளவையும் அளந்து எழுதுவார். கண்ணையும் தொப்புளையும் இடுப்பு மூட்டையும் தொட்டுப் பார்ப்பார். மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பார். பிறந்த பிள்ளை முதல் சில நாள்களில் கொஞ்சம் எடை இழப்பதும், பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடையை மீண்டும் அடைவதும் இயல்பு என்பதை அவரே எடுத்துச் சொல்லுவார். கேள்வியைத் தகப்பனிடம் மட்டும் கேட்காமல் தாயிடம் கேட்பார். தாய் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, காரணமின்றி அழுகிறாளா என்றும் கேட்பார். தாயின் முகத்தை ஒருமுறையேனும் நிமிர்ந்து பாராத குழந்தை மருத்துவர் தம் வேலையில் பாதியைத்தான் செய்கிறார் என்பது என் கருத்து.

பால் விஷயத்தில் அவர் என்ன சொல்லுகிறார் என்பதையும் கவனியுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்பதில் உலகெங்கும் மருத்துவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. “பால் பத்தவில்லை” என்று தாய் சொன்னவுடன் மாவுப்பால் டப்பாவின் பெயரை எழுதித் தருகிறாரா? அல்லது, பிள்ளை மார்பைப் பற்றும் விதத்தை அருகிருந்து பார்த்துத் திருத்துகிறாரா? ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் பிள்ளை சிறுநீர் கழித்து, எடையும் ஏறுகிறதென்றால் பால் போதுமானது. அழுகையை வைத்து அளக்கக் கூடாது. மாவுப்பாலையும் பால் புட்டியையும் விளம்பரம் செய்வதையும், அதற்காக மருத்துவத் துறையினருக்குப் பரிசு கொடுப்பதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. மருத்துவ காரணத்தால் மாவுப்பால் தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அந்தத் தாயைக் குற்றவாளியாக்க வேண்டாம். ஆனால் காத்திருக்கும் அறையின் சுவரில் மாவுப்பால் படம் தொங்கினால், நீங்கள் வேறு மருத்துவரைத் தேடலாம்.

“ஊசி போடாத டாக்டர் என்ன டாக்டர் சாமி?” என்று என்னிடம் கேட்ட ஆச்சிமார் பலர். கை நிறைய மருந்து கொடுத்தால் கைராசிக்காரர். “ஒன்றும் வேண்டாம், இரண்டு நாள் பாருங்கள்” என்றால் விவரம் தெரியாதவர். இந்த அளவுகோலால் நம் பிள்ளைகளுக்கு விளைந்த தீங்கு கொஞ்சமன்று. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளிடையே போன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காடாக இருந்த சாவு, நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பெருமை அதுதான். வயிற்றுப்போக்குக்கு அந்த நீரையும் துத்தநாக மருந்தையும் கொடுத்து, தாய்ப்பாலை நிறுத்தாதே என்று சொல்லி அனுப்பும் மருத்துவர் உங்களை ஏமாற்றவில்லை. சரியான மருத்துவத்தையே செய்திருக்கிறார்.

இருமல் மருந்தும் அப்படியே. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து, நம் தமிழகத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரவே கூடாது என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை அப்போது அறிவுறுத்தியது. சாதாரணச் சளி தானே ஆறும். அந்தப் பெற்றோர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. கொடுத்ததை நம்பிக் கொடுத்தார்கள். “இந்த இருமலுக்கு மருந்து தேவையில்லை” என்று சொல்லத் துணிந்த மருத்துவருக்குக் கட்டணம் கொடுக்கும்போது, இனி நாமும் முணுமுணுக்காதிருப்போம்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலுக்கு இப்போது வருகிறேன். இதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீர்வரிசையோடு பிள்ளை தகப்பன் வீட்டுக்குப் போகும். அம்பாசமுத்திரத்தில் பிறந்த பிள்ளை ஏரலுக்குப் போகும். முக்கூடலில் பிறந்தது பாளைக்குப் போகும். தொட்டில், வெள்ளி அரைஞாண், பால்சங்கு எல்லாம் கணக்காகப் போய்ச் சேரும். மருத்துவச் சீட்டுகள் மட்டும் தாய்வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும். தடுப்பூசிகள் எப்போது போடப்படுகின்றன என்று பாருங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கும் இளம்பிள்ளைவாதத்துக்கும் மஞ்சள்காமாலைக்கும் ஒரு சுற்று; பிறகு ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில்; அதன்பின் ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மைக்கு. பதினான்காம் வாரம் என்பது மூன்றரை மாதம். பிள்ளை வீடு மாறும் காலமும் அதுவே! “அங்கே போட்டிருப்பார்கள்” என்று இங்கே நினைக்க, “இங்கே வந்து போடுவார்கள்” என்று அங்கே நினைக்க, அந்தச் சுற்றே விடுபட்டுப்போன பிள்ளைகளை வீடு சந்திக்கச் செல்லும்போது நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை ஆற்றோர ஊர் ஒன்றில் வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, நான்கு மாதப் பிள்ளை விடாமல் அழுதுகொண்டிருந்தது. மேசைமேல் மூன்று புட்டிகள். ஒன்று தாய்வீட்டு மருத்துவர் கொடுத்தது. இன்னொன்று மாமியார் அழைத்துச் சென்ற மருத்துவர் கொடுத்தது. மூன்றாவது, பட்டணத்திலிருந்து சித்தப்பா தொலைபேசியில் சொல்லி வாங்கியது. எனக்கு மருந்துகளைப் பற்றித் தெரியாது. ஆனால் புட்டியின் மேலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியும். வெவ்வேறு வணிகப் பெயர்களின் கீழே, இரண்டில் ஒரே மருந்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. மூவரும் படித்தவர்கள், மூவரும் பிள்ளைமேல் பிரியமுள்ளவர்கள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவே. அன்றே மூன்று புட்டிகளையும் ஒரு பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் எடுத்துச் செல்லச் சொன்னேன்.

ஆதலால், இரண்டு மருத்துவர்களை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: பிறக்கும் ஊரில் ஒருவர், வளரப்போகும் ஊரில் ஒருவர். சம்பந்தி வீட்டார் இரு தரப்பும் பேறுகாலத்துக்கு முன்பே இதைப் பேசி ஒத்துக்கொள்வது நலம். தடுப்பூசி அட்டையையும், பிறந்த மருத்துவமனைச் சீட்டையும், எடை எழுதிய தாளையும் ஒரே உறையில் இட்டுச் சீர்வரிசைத் தட்டில் முதலாவதாக வையுங்கள். பிள்ளை புது ஊருக்கு வந்த வாரத்திலேயே அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள். புதன்கிழமைதோறும் அரசு நிலையங்களில் தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதன்முதல் பெற்றவை தமிழகமும் கேரளமும்தான். இலவசம் என்பதால் அது மட்டமானது என்று எண்ண வேண்டாம். தனியார் மருத்துவரிடம் காட்டுகிறவர்களும் அட்டையில் அதனை எழுதச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்கிற கைமருந்தைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சேனை தொட்டு வைத்தது, உரைமருந்து புகட்டியது, மாந்தம் என்று ஏதோ இலைச்சாறு கொடுத்தது, தொக்கம் எடுத்தது, சாம்பிராணிப் புகை போட்டது அனைத்தையும் சொல்லுங்கள். தாய் பீடி சுற்றுகிறவளாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். புகையிலைத் தூள் தொட்டிலருகே பறக்கிற வீட்டில் பிள்ளையின் இருமலுக்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. இவற்றைக் கேட்டு ஆச்சியைத் திட்டித் தீர்க்கும் மருத்துவரிடம் அடுத்தமுறை யாரும் உண்மை பேசமாட்டார்கள். “ஆச்சி, குளித்த பிறகு துடைத்துவிட்டால் போதும், மூக்கில் எண்ணெய் விடாதீர்கள், அது நெஞ்சுக்குள் போய்விடும்” என்று காரணத்தோடு சொல்லுகிறவரின் பேச்சு வீட்டில் செல்லும்.

மருத்துவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அவரைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை உண்டு: இரவில் யாரை அழைப்பது, அவர் ஊரில் இல்லாதபோது யார் பார்ப்பார், எந்த அறிகுறிகளுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கடைசிக் கேள்விக்கு எந்த நல்ல மருத்துவரும் சொல்லும் விடையை இங்கேயே எழுதிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலோ உடனே புறப்பட வேண்டும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள் பரவினாலும் இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மலம் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் அந்த வாரமே காட்ட வேண்டும். பித்தநாளம் அடைபட்ட பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் மிகுதி.

புறப்படும்போது 108-ஐ அழையுங்கள். பிள்ளையை வெறுந்துணியில் சுற்றிக் கையில் ஏந்தாமல், தாயின் மார்போடு உடம்பு ஒட்டியிருக்குமாறு வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். குடிக்கக்கூடிய நிலையிலிருந்தால் வழியிலும் பால் கொடுக்கலாம். அந்த உறையை எடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.